தோழமை எனும் நிஃமத்து

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.



அல்லாஹ் நமக்கு அளித்துள்ள நிஃமத்துகளை எண்ணிப் பார்க்கும்போது, கண், செவி, உடல் நலம், மக்கட் செல்வம், ஹலாலான ரிஜ்கு என்று வரிசையாகச் சொல்லி ஷுக்ர் செய்கிறோம். அந்த வரிசையில் நாம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டு விடுகின்ற ஒரு நிஃமத்து உண்டு. அதுதான் நல்ல நண்பர்.

இஷாத் தொழுகை முடிந்ததும் தோளில் கை போட்டு டீக்கடைக்கு அழைத்துச் செல்கிறாரே, அவர் ஒரு நிஃமத்து. வீட்டில் சமைத்த நல்ல பண்டத்தில் நமக்கென ஒரு பங்கை எடுத்து வைத்து, பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறாரே, அவர் ஒரு நிஃமத்து. இரண்டு நாள் பள்ளிவாசலில் நம்மைக் காணவில்லை என்றால் மூன்றாம் நாள் வாசற்படியில் வந்து நிற்கிறாரே, அவரைப் பெற்றவர் எத்தனை பெரிய பாக்கியசாலி! இத்தகைய நண்பர்களைக் கொண்டாடுவதும், அவர்களைப் போல் நாமும் ஆவதும் தீனில் எத்தகைய இடத்தைப் பெறுகின்றன என்பதை இம்மாதம் சிறிது சிந்திப்போமாக.

கடைத்தெருவில் ஒரு காட்சி

தீன் என்றாலே முகத்தைக் கடுமையாக வைத்துக் கொள்வது என்று நம்மில் சிலர் எண்ணி விடுகிறார்கள். சிரிப்பும், விருந்தும், நண்பர்களோடு உட்கார்ந்து பேசுவதும் துன்யாவின் காரியங்கள், ஆகிரத்தை நாடுகிறவருக்கு இவற்றில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

ஜாஹிர் (ரலி) என்றொரு கிராமத்து நபித்தோழர் இருந்தார்கள். பார்வைக்கு அழகானவர் அல்லர். பெரிய செல்வரும் அல்லர். கிராமத்திலிருந்து மதீனா வரும் போதெல்லாம் அங்கு கிடைக்கும் பொருள்களை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டு வருவார்கள். திரும்பிச் செல்லும்போது நபி (ஸல்) அவர்கள் பட்டணத்துப் பொருள்களைக் கொடுத்து அனுப்புவார்கள். ஜாஹிர் நமக்குக் கிராமம், நாம் அவருக்குப் பட்டணம் என்ற கருத்தில் அன்போடு சொல்லவும் செய்வார்கள். ஒரு நாள் ஜாஹிர் (ரலி) கடைத்தெருவில் சரக்கு விற்றுக் கொண்டிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் பின்புறமாக வந்து அவர்களைக் கட்டிப் பிடித்துக் கொண்டார்கள். யாரென்று தெரியாமல் விடுபட முயன்ற அந்தத் தோழர், திரும்பிப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் என்று அறிந்ததும் தம் முதுகை அவர்களின் நெஞ்சோடு இன்னும் சேர்த்துக் கொண்டார்கள். இந்த அடிமையை வாங்குவார் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் வேடிக்கையாகக் கேட்க, தாம் விலை போகாத சரக்கு என்று ஜாஹிர் (ரலி) சொன்னார்கள். உடனே நபி (ஸல்) அவர்கள், அல்லாஹ்விடத்தில் நீர் விலைமதிப்பு மிக்கவர் என்று அருளினார்கள். ஷமாயில் திர்மிதியில் இந்நிகழ்ச்சியைக் காண்கிறோம்.

சகோதரர்களே! சந்தை நடுவில், பலர் பார்க்க, ஏழைக் கிராமவாசி ஒருவரைக் கட்டித் தழுவி விளையாடியது யார்? அல்லாஹ்வின் தூதர் அன்றோ! தன்னைத் தானே குறைவாக எண்ணிக் கொண்டிருந்த ஒருவருடைய உள்ளம் அந்த ஒரு வேடிக்கையால் நிமிர்ந்து விட்டது. நட்பின் முதல் வேலை இதுதான். நண்பரைத் தம் கண்ணில் மட்டுமல்ல, அவருடைய சொந்தக் கண்ணிலும் உயர்த்துவது.

மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்தும் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் மக்கள் வந்து வாங்கி விற்கும் ஊர் நமது பேரணாம்பட்டு. வீட்டில் உருதும், கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒலிக்கும் ஊர். நம் கடைக்கு வரும் கிராமவாசியிடம் பேரத்தைத் தவிர வேறொன்றும் பேசாமல் அனுப்புகிறோமா? ஒரு புன்னகை, ஒரு நலம் விசாரிப்பு, வெயிலில் வந்தவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறோமா? சகோதரரைப் பார்த்துப் புன்னகைப்பதையும் ஸதகாவாக நபி (ஸல்) அவர்கள் கணக்கிட்டார்கள் என்று திர்மிதியில் வருகிறது. காசு செலவில்லாத இந்த ஸதகாவிலும் நாம் கஞ்சத்தனம் காட்டலாமா?

உண்ண வைத்த நண்பர்

புகாரி ஷரீபில் வரும் மற்றொரு நிகழ்ச்சியையும் கவனியுங்கள். ஹிஜ்ரத்துக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒரு நாள் ஸல்மான் (ரலி) தம் சகோதரரைப் பார்க்க வந்தபோது, அவருடைய மனைவியார் தம்மைப் பேணிக் கொள்ளாமல் பழந்துணி உடுத்தியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். உங்கள் சகோதரருக்கு இந்தத் துன்யாவில் நாட்டமே இல்லை என்று அந்த அம்மையார் பதில் சொன்னார்கள்.

அபுத்தர்தா (ரலி) வந்தார்கள். விருந்தாளிக்கு உணவு வைத்தார்கள். தாம் நோன்பு என்றார்கள். நீங்கள் உண்ணாவிட்டால் நானும் உண்ண மாட்டேன் என்று ஸல்மான் (ரலி) பிடிவாதமாக இருந்து, அந்த நஃபில் நோன்பை விட்டு உண்ண வைத்தார்கள். இரவு வந்தது. அபுத்தர்தா (ரலி) தொழுகைக்கு எழுந்தார்கள். தூங்குங்கள் என்று ஸல்மான் (ரலி) தடுத்தார்கள். மீண்டும் எழுந்தபோது மீண்டும் தடுத்தார்கள். இரவின் கடைசிப் பகுதி வந்ததும், இப்போது எழுங்கள் என்று தாமே சொல்ல, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். பிறகு, ரப்புக்கு உரிய ஹக்கு உண்டு, உடலுக்கும் ஹக்கு உண்டு, மனைவி மக்களுக்கும் ஹக்கு உண்டு, ஒவ்வொருவருடைய ஹக்கையும் அவரவருக்குக் கொடுங்கள் என்று ஸல்மான் (ரலி) புத்தி சொன்னார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் போயிற்று. ஸல்மான் சொன்னது உண்மை என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

இதில் நமக்குள்ள படிப்பினை என்ன? நண்பர் என்பவர் உண்ண அழைக்கிறார், உறங்கச் சொல்கிறார், மனைவியின் முக வாட்டத்தைக் கவனிக்கச் சொல்கிறார். இவை யாவும் அன்றாடச் சுகங்களே. ஆனால் அதே நண்பர் தஹஜ்ஜுத் நேரம் வந்ததும் எழுப்பியும் விடுகிறார்! விருந்துக்கு அழைப்பவர் பலர். விருந்துக்குப் பின் தொழுகைக்கு எழுப்புகிறவரே நண்பர். தொழுகைக்கு மட்டும் அழைத்து, நம் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பாராதவரிடம் நட்பு இன்னும் முழுமை பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தொட்டியும் தோலும்

நட்பின் பாதிப்பு எத்தகையது என்பதை விளக்க நபி (ஸல்) அவர்கள் கஸ்தூரி விற்பவரையும் கொல்லன் உலையையும் உவமை சொன்னார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ள பிரபலமான ஹதீஸ். கஸ்தூரி வணிகரிடம் வாங்காவிட்டாலும் வாசனையாவது கிடைக்கும். உலையருகில் இருப்பவருக்குத் துணி எரியாவிட்டாலும் புகையாவது ஏறும்.

தோல் தொழிலில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய நம் பகுதியாருக்கு இந்த உவமை எளிதாக விளங்கும். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிப் போகும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிரும் சதையும் நீங்கி, பிறகு ஆவாரம் பட்டைச் சாற்றில் நாள் கணக்கில் கிடந்த பின்னரே அது பல ஆண்டுகள் உழைக்கும் தோலாகிறது. ஒரே நாளில் ஆகிற காரியம் அல்ல. எந்தச் சாற்றில் ஊறுகிறதோ அந்த நிறமே அதில் ஏறுகிறது. மனிதனின் கல்பும் அவ்வாறே. மாலை தோறும் எவரோடு உட்காருகிறோமோ அவருடைய நிறம் நமக்கு ஏறாமல் போகாது. மனிதன் தன் நண்பனின் வழியில் இருக்கிறான், ஆகவே யாரை நண்பராக்குகிறோம் என்று பார்த்துக் கொள்ள வேண்டும் என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் வந்துள்ளது.

ஆகவே நாம் உட்காரும் சபையை நாமே சோதித்துக் கொள்வோம். அந்த டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் பேசுகிறோம். அதில் எத்தனை நிமிடம் பிறர் குறையைப் பேசினோம்? சபை கலைந்தபோது எவருக்கேனும் ஓர் உதவி செய்ய வேண்டும் என்ற நினைவோடு எழுந்தோமா? யாரோ ஒருவரைப் பற்றிய வெறுப்போடு எழுந்தோமா? குடித்தது டீ. கூடவே தின்றது சகோதரனின் மாமிசமாக இருந்து விடக் கூடாது. புறம் பேசுவதைக் குர்ஆன் ஷரீப் அவ்வாறுதானே நமக்கு எச்சரிக்கிறது!

பைருஹா தோட்டத்து நீர்

அன்சாரிகளில் பேரீச்சந் தோட்டங்கள் மிகுதியாக உடையவர் அபூதல்ஹா (ரலி). அவர்களுக்கு மிகவும் பிரியமானது பைருஹா என்ற தோட்டம். அது மஸ்ஜிதுந் நபவிக்கு எதிரில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அங்கு சென்று அதன் சுவையான நீரை அருந்துவது வழக்கம். நண்பர் வீட்டுத் தோட்டத்தில் நிழலில் அமர்ந்து நல்ல தண்ணீர் குடிப்பது எவ்வளவு எளிய இன்பம்! பிரியமானதிலிருந்து செலவிடாத வரை நன்மையின் உச்சியை அடைய முடியாது என்ற கருத்துடைய ஆயத்து (3:92) இறங்கியதும், அபூதல்ஹா (ரலி) எழுந்து வந்து, அந்தத் தோட்டத்தையே அல்லாஹ்வுக்காகக் கொடுத்து விட்டதாகச் சொன்னார்கள். இது இலாபமான செல்வம் என்று நபி (ஸல்) அவர்கள் மகிழ்ந்து, அதை அவர்களுடைய உறவினர்களுக்கே பங்கிடும்படி யோசனை சொன்னார்கள். அவ்வாறே பங்கிடப்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தமக்கு இன்பம் தந்த ஒன்றை வெறுத்து ஒதுக்கவில்லை அந்தத் தோழர். அது இனிமையானது என்பதால்தான் மற்றவருக்கும் அது வேண்டும் என்று திறந்து விட்டார்கள். சுவை அறிந்தவருக்குத்தான் பிறர் பசியும் தாகமும் தெரியும்.

நம் வட்டாரத்துப் பெரியவர்கள் இந்த வழியில் நடந்து காட்டியவர்கள். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரும் சாலையில் உமராபாத் என்ற பெயரைப் படிக்காமல் நாம் பயணம் செய்வதில்லை. தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் சாகிப் 1924இல் அங்கே ஜாமிஆ தாருஸ்ஸலாம் மதரஸாவைத் தோற்றுவித்தார். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் ஏற்பட்டது. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் வந்தது. மேல்விஷாரத்து வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் தோல் வணிகத்தில் ஈட்டியதை அள்ளிக் கொடுத்தவர். அவர் பெயரால் அவ்வூரில் 1965 முதல் கல்லூரி நடக்கிறது. தோல் வணிகத்தில் பெரும்புகழ் பெற்ற ஜமால் முகம்மது சாகிபும் திருச்சி காஜாமியான் ராவுத்தரும் கை கோத்ததன் பலனாகத் திருச்சியில் 1951இல் ஜமால் முகம்மது கல்லூரி எழுந்தது.

இவற்றை வெறும் கட்டடங்களாக நாம் பார்க்கக் கூடாது. ஒருவர் பணம் கொடுப்பார். மற்றவர் இடம் கொடுப்பார். மூன்றாமவர் தம் நேரத்தைக் கொடுத்து வாசல் வாசலாக நடப்பார். ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தாங்குவார். நண்பர்கள் கூடிப் பேசாமல் எந்தக் கல்லூரியும் எழாது, எந்த மதரஸாவும் நிலைக்காது. ஒருவர் கொடுத்ததைக் கண்டு மற்றவர் கொடுப்பதுதான் நட்பு தருகின்ற உற்சாகம். இந்த மதரஸாக்களில் ஓதியவர்களும் கல்லூரிகளில் படித்தவர்களும் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறார்கள். தொடங்கியவர்களோ மண்ணுக்குள் இருக்கிறார்கள். ஸதகத்துல் ஜாரியா என்பதற்கு இதைவிடக் கண்ணெதிரே உள்ள விளக்கம் வேறு வேண்டுமா?

ஒரே துணியில் கொட்டியவர்கள்

பெருந்தனவந்தர்கள் கொடுத்தார்கள், நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்காக அஷ்அரீ கோத்திரத்தாரின் செய்தி இருக்கிறது. போரிலோ ஊரிலோ அவர்களுக்கு உணவு குறைந்து விட்டால், அவரவரிடம் எஞ்சியதைக் கொண்டு வந்து ஒரே துணியில் கொட்டுவார்கள். பிறகு ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பிரித்துக் கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அவர்களைப் புகழ்ந்தார்கள் என்று புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கின்றன. இதைவிடப் பெரிய நற்சான்று உண்டா? அதிகம் உள்ளவர் எவர், குறைவாக உள்ளவர் எவர் என்பது அந்தத் துணியில் விழுந்ததும் மறைந்து விடுகிறது.

ரமலான் மாதத்துப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி நமக்கு அந்தத் துணியை நினைவூட்டவில்லையா? ஒருவர் அரிசி தருகிறார். ஒருவர் இறைச்சி தருகிறார். ஒருவர் விறகு தருகிறார். ஒன்றும் தர இயலாதவர் அண்டாவின் அருகில் நின்று கிண்டுகிறார். அஸருக்குப் பின் தூக்குப் பாத்திரங்களோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் முதலாளி வீட்டுப் பிள்ளையும் உண்டு, தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் உண்டு, வேறு சமயத்துப் பிள்ளையும் உண்டு. எல்லாருக்கும் ஒரே கரண்டி. இப்தார் நேரத்தில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டும்போது, அங்கே நட்பு பிறக்கிறது.

இந்தப் பழக்கம் ஷவ்வால் பிறை கண்டதும் முடிந்து விடலாமா? மீதிப் பதினொரு மாதமும் அந்தப் பிள்ளைகளுக்கு வயிறு உண்டல்லவா? குழம்பு வைத்தால் சற்றுத் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனித்துக் கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்ததாக முஸ்லிமில் வருகிறது. பிரியாணி தம் போட்டால்தான் அண்டை வீட்டுக்கு அனுப்புவோம் என்றால் ஆண்டுக்கு இரண்டு முறைதான் அனுப்புவோம். தண்ணீர் கூட்டிய குழம்பு என்றால் வாரம் ஒரு முறை அனுப்பலாம்.

அண்டை வீட்டார் என்பதில் சமய வேற்றுமை இல்லை. அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்பதை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காணலாம். ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்பதைக் குர்ஆன் ஷரீப் (9:60) வரையறுத்துள்ளது. ஸதகாவும் அன்பளிப்பும் எல்லாருக்கும் செல்லலாம். பொங்கலன்று நம் வீட்டுக்குக் கரும்பு கொண்டு வந்து தரும் அண்டை வீட்டுப் பெரியவருக்கு நம் பெருநாளன்று வெறுங்கையைக் காட்டலாமா?

கூட்டத்துக்குக் கொடுப்பதும் நண்பனுக்குக் கொடுப்பதும்

சகோதரர்களே! இனி நாம் சொல்லப் போவது கசப்பானது. ஆயினும் சொல்லியாக வேண்டும்.

2023 பிப்ரவரி 4ஆம் தேதி, நம் அண்டை ஊரான வாணியம்பாடியில், தைப்பூசத்தை முன்னிட்டு இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் கொடுக்கப்பட்ட இடத்தில் நெரிசல் ஏற்பட்டு நான்கு பெண்கள் உயிரிழந்தார்கள். கொடுக்க நினைத்தவரின் எண்ணத்தைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. எண்ணங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஒரு சேலைக்காக மூதாட்டிகள் நெரிசலில் நின்றார்களே என்பதுதான் நம் உள்ளத்தைச் சுட வேண்டும். ரமலான் கடைசிப் பத்தில் நம் தெருக்களிலும் சில வாசல்களில் வரிசை நிற்கிறதா இல்லையா? வெயிலில், கைக்குழந்தையோடு, பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் நிற்கிறார்களா இல்லையா? சிலர் அதைப் படம் பிடித்துக் கைப்பேசியில் ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்களா இல்லையா?

கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனம் நோகச் செய்தும் ஸதகாவைப் பாழாக்கி விட வேண்டாம் என்று அல்லாஹ் (2:264) எச்சரிக்கிறான். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்பதை அறிவோம். அதே ஹதீஸில், அல்லாஹ்வுக்காகவே நேசித்து, அதற்காகவே கூடி, அதன் மீதே பிரிகின்ற இரு நண்பர்களுக்கும் அந்த நிழல் உண்டு என்று சொல்லப்பட்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். கொடுப்பவரும் நண்பர்களும் ஒரே நிழலில்!

நண்பனுக்குக் கொடுப்பவர் அவனை வரிசையில் நிறுத்துவாரா? மாட்டார். தாமே நடந்து போவார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டி விட்டுப் பேச்சை மாற்றி விடுவார். கடன் கொடுத்திருந்தால் நெருக்கடியில் இருப்பவருக்குத் தவணை நீட்டுவார். முடிந்தால் தள்ளியே விடுவார். வாங்குபவரின் முகம் தாழாதபடி கொடுக்கத் தெரிந்தவரே கொடையாளி. ஜகாத் பெறுபவரிடம் இது ஜகாத் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உலமாக்கள் விளக்கியுள்ளார்கள். நிய்யத் நம் உள்ளத்தில் இருந்தால் போதும். பெருநாள் அன்பளிப்பு போலவே கொடுத்து விட்டு வரலாம்.

மழைக்கு முன் கேட்பவர்

2021 நவம்பர் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை அதிகாலையை நம் பேரணாம்பட்டு மறக்க முடியாது. கனமழையில் வீடு ஒன்று இடிந்து விழுந்து, நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அல்லாஹ் அவர்களுக்கு உயர்ந்த சுவனத்தைத் தந்தருள்வானாக! பிழைத்தவர்களுக்கு அழகிய பொறுமையை அளிப்பானாக!

அவன் நாடியதை எவராலும் தடுக்க இயலாது. ஆனால் நம்மீது உள்ள கடமையை நாம் கேட்டுக் கொள்ள வேண்டும். ஜனாஸாவுக்குத் திரளாகக் கூடுகிறோம். அது கடமை, நன்மை. மழைக்காலம் வருமுன் நம் நண்பர்களில், அண்டை வீட்டாரில், யாருடைய சுவர் ஈரம் வாங்கியிருக்கிறது, யாருடைய கூரை தாங்காது என்று போய்ப் பார்க்கிறோமா? பெருமழை அன்று, எங்கள் வீட்டில் வந்து தங்குங்கள் என்று கூப்பிடுகிறோமா? நட்பு என்பது துக்கம் விசாரிப்பதோடு நிற்பதல்ல. துக்கம் வருமுன்பே விசாரிப்பது.

பைருஹாவின் இனிய நீரைப் பற்றிச் சொன்னோம். நம் பகுதியின் நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போவது நியாயமல்ல. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்ற ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து அந்த நீதிமன்றம் மீண்டும் உத்தரவுகள் பிறப்பித்தது. இத்தொழில் நமக்குச் சோறு போட்டது. பள்ளிவாசலும் கல்லூரியும் தந்தது. அதற்கு நன்றி சொல்லும் நாவே, அண்டை ஊர்க் கிணற்றுக்கும் ஹக்கு உண்டு என்று சொல்லவும் வேண்டும். ஒரு கையால் அன்னதானம் செய்து, மறு கையால் அண்டை வீட்டாரின் குடிநீரைக் கெடுத்தால் அந்தக் கணக்கு நாளை மஹ்ஷரில் எப்படி நேராகும்? கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரிக்கச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயையும் ஸதகாவின் நிய்யத்தோடு செலவிடுவோமாக. இதைத் தம் தொழில் நண்பரிடம் எடுத்துச் சொல்லத் துணிகிறவரே உண்மை நண்பர்.

நாம் செய்ய வேண்டியவை

படித்து விட்டு மூடி வைக்காமல், இன்றே தொடங்கக் கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று: நமக்கு நன்மை செய்த நண்பர் ஒருவருக்காக இன்று இரவு பெயர் சொல்லித் துஆ செய்வோம். சகோதரனுக்காக அவனறியாமல் கேட்கும் துஆவுக்கு மலக்கு ஆமீன் சொல்லி, உனக்கும் அவ்வாறே ஆகட்டும் என்கிறார் என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸின் கருத்து.

இரண்டு: அவர் உயிரோடு இருந்தால் நாளை போய்ப் பார்ப்போம். வேலை இருந்தால்தான் போக வேண்டும் என்பதில்லை. அல்லாஹ்வுக்காக மட்டுமே வேறோர் ஊரிலுள்ள சகோதரரைக் காணப் போனவரை வழியில் ஒரு மலக்கு சந்தித்து, அல்லாஹ் உம்மை நேசிக்கிறான் என்று நற்செய்தி சொன்னதாக முஸ்லிம் அறிவிக்கிறது. நண்பர் வஃபாத்தாகி இருந்தால் அவர் பிள்ளைகளைப் போய்ப் பார்ப்போம்.

மூன்று: நண்பர்கள் நால்வர் சேர்ந்து விருந்துண்ணும் நாளில் ஐந்தாவது பங்கை ஒதுக்குவோம். அந்தப் பங்கு யாருக்கு என்பதை உண்ணத் தொடங்குமுன் முடிவு செய்து அனுப்பி விடுவோம். மிஞ்சியதைக் கொடுப்பது வேறு, முதலில் கொடுப்பது வேறு.

நான்கு: ஷூ கம்பெனிக்கு விடியற்காலையில் பஸ் ஏறிப் போகும் சகோதரிகள் நம் தெருக்களில் பலர். சில வீடுகளில் குடும்பமே அவர்கள் சம்பளத்தில் நடக்கிறது. அவர்களைப் பெண்கள் சென்று விசாரித்து நட்பு கொள்ளட்டும். கணவனை இழந்தவர்கள், நோயாளியைப் பராமரிப்பவர்கள் யார் என்று தெரிந்து கொண்டாலே பாதி உதவி செய்தது போலாகும்.

ஐந்து: பிள்ளைகளுக்கு நட்பைக் கற்றுக் கொடுப்போம். கையில் ஐந்து ரூபாய் மிட்டாய் இருந்தால் பக்கத்துப் பிள்ளைக்குப் பாதி கொடுக்கப் பழக்குவோம். அந்தக் கைதான் நாளை மதரஸாவுக்கும் மருத்துவமனைக்கும் கொடுக்கும் கை.

சகோதரர்களே! நாளை மறுமையில், பயபக்தியுடையோரைத் தவிர மற்ற நண்பர்களெல்லாம் ஒருவருக்கொருவர் பகைவராகி விடுவார்கள் என்று குர்ஆன் ஷரீப் (43:67) அறிவிக்கிறது. இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பவர்கள் நாளை ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டி நிற்கும் நிலையை அல்லாஹ் நமக்கு ஆக்காதிருப்பானாக! இங்கே சேர்ந்து உண்டவர்களை அங்கேயும் சேர்ந்து உண்ணச் செய்வானாக! நமக்கு நல்வழி காட்டிய நண்பர்களின் ரிஜ்கிலும் ஹயாத்திலும் பரக்கத் செய்வானாக! கொடுக்கும் கையையும், வாங்குபவர் முகம் கோணாத பக்குவத்தையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.